கெட்டால் எப்படிக் கெடும்?

குடை வாங்கப் போனால் எல்லோரும் துணி கனமாக இருக்கிறதா, கைப்பிடி வாகாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவள் குடையை விரித்துத் தலைகீழாகத் திருப்பி, "காத்துல இப்படி மடங்கினா எந்தக் கம்பி முதல்ல போகும்?" என்று கடைக்காரரைக் கேட்பாள். பூட்டு வாங்கினால், "சாவி தொலைஞ்சா இதை எப்படி உடைக்கறது?" ரிக்‌ஷாவில் ஏறுவதற்கு முன், "சக்கரம் கழண்டா வண்டி எந்தப் பக்கம் சாயும்?"

ஒருநாள் கச்சேரி ரோட்டில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் இதைக் கேட்டதும் வண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"காலீல மொத சவாரி. உன் வாயில நல்ல வார்த்தையே வராதாம்மா?"

"கோச்சுக்காதீங்க. எந்தப் பக்கம்னு சொன்னா, நாங்க அந்தப் பக்கம் உக்கார மாட்டோம்."

அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "சோத்தாங்கைப் பக்கம்" என்றார் மெதுவாக. "அந்த ஆணிதான் கொஞ்சம் லூசாக் கீது."

நாங்கள் இரண்டு பேரும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு லஸ் வரைக்கும் போனோம். சக்கரம் கழலவில்லை. கழன்றிருந்தால் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள், அவ்வளவுதான்.

குளத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த சுருக்கெழுத்துப் பள்ளியில்தான் அவள் எனக்குப் பழக்கமானாள். ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம். ஆபீஸ்களில் இருந்த ஆண்கள் பலர் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் டைப் அடிக்கலாம், சுருக்கெழுத்து எழுதலாம் என்று ஊர் மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டிருந்தது. என் அப்பா என்னைச் சேர்த்ததற்கு வேறு காரணம். வீட்டில் சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் அதிகமாகிறது என்று அவருக்குக் கவலை. அவளுக்கோ வேலை வேண்டியிருந்தது. சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. வேதக்காரக் குடும்பம். அப்பா துறைமுகத்தில் பளு தூக்கும் கயிறுகளைச் சோதித்துப் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தார். ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியிருந்தான்.

"எங்கப்பா சொல்வாரு, கயிறு எங்க அறும்னு தெரிஞ்சாத்தான் அதுக்குக் கீழ ஆளை நிறுத்தலாம்னு" என்று ஒருமுறை சொன்னாள். அவள் கேள்விகளுக்கு அதற்கு மேல் அவள் காரணம் சொன்னதில்லை.

பள்ளியில் அவளுக்கு 'மிஸ் கெட்டா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது கூடத்து ஊஞ்சலில் உட்காரச் சொன்னோம். அவள் உட்காராமல் அண்ணாந்து கொக்கியைப் பார்த்தாள். "மாமி, இந்தச் சங்கிலி அறுந்தா யார் மேல விழும்?"

அவள் போன பிறகு அம்மா பொரிந்து தள்ளிவிட்டாள். "விளக்கு வெக்கற நேரத்துல ஆத்துக்குள்ள வந்து கேக்கற கேள்வியைப் பாரு! அந்தப் பொண்ணோட சுத்திண்டிருந்தா உனக்கும் இந்த வாய்தான் வரும்." அப்புறம் பல மாதங்கள் அம்மா ஊஞ்சலில் உட்காரவில்லை. சங்கிலி இன்றுவரை அறவில்லை.

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற பெண் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. அவளைப்போல் வாய்விட்டுச் சிரிப்பவளை நான் பார்த்ததில்லை. கடற்கரையில் சுண்டல் வாங்கினால் நான் காசை எண்ணிக் கொடுப்பதற்குள் பாதியைத் தின்றுவிடுவாள். கெட்டுப்போவதைப் பற்றி அவளுக்குப் பயமே கிடையாது. அதுதான் விஷயம். கெட்டுப்போவதைப் பற்றிப் பேசப் பயப்படுகிறவர்களைப் பார்த்தால்தான் அவளுக்குப் பயம்.

எங்களுக்குச் சிநேகிதம் ஏற்பட்ட புதிதில் ஒருநாள், "நமக்குள்ள சண்டை வந்தா யாரு முதல்ல பேசறது?" என்று கேட்டாள்.

"நாம ஏண்டி சண்டை போடப்போறோம்?"

"வரும். வந்தா யாரு?"

"சரி, நானே பேசறேன்" என்றேன். அடுத்த வருடம் ஒரு பெரிய சண்டை வந்தது. எதற்கென்று நினைவில்லை. மூன்றாம் நாள் நான் போய்ப் பேசினேன். வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

அண்ணன் பட்டாளத்திலிருந்து மணியார்டர் அனுப்பியிருந்தான், அவள் சுருக்கெழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்ததற்கு. 'நல்ல பேனாவாகப் பார்த்து வாங்கிக்கொள்' என்று கூப்பனில் எழுதியிருந்தான். அதற்கப்புறம் வெகுநாளாக அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளும் பேனா விஷயத்தை மட்டும்தான் பேசினாள்.

சுருக்கெழுத்துக்குப் பேனா ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எழுத்துகள் கிடையாது, கோடுகள்தான். ஒரே கோட்டை மெல்லியதாகப் போட்டால் ஓர் ஒலி, அழுத்திப் போட்டால் இன்னோர் ஒலி. பென்சில் கூர் மழுங்கிவிட்டால் எல்லாக் கோடும் தடித்துவிடும். நல்ல தங்க நிப் என்றால் தொட்டால் மயிரிழை, அழுத்தினால் பட்டை. ஆனால் அப்படி எழுதும் நிப் மையைக் குடிக்கும். ஆகவே பேனா வயிற்றில் மை எப்படிப் போகிறது, எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

லஸ்ஸில் ஒரு பாய் பேனாக் கடை வைத்திருந்தார். கடை என்றால் இரண்டு கண்ணாடி அலமாரியும் ஒரு முக்காலியும். ஆனால் ஐகோர்ட் வக்கீல்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். சண்டைக்கு முன்னால் வந்திறங்கிய சீமைச் சரக்கு அவரிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாங்கள் போன அன்று அவர் மூன்று பேனாக்களை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்தார்.

முதலாவது பச்சையும் கறுப்புமாகப் பளிங்குபோல் மின்னியது. "இது பாண்டிச்சேரி வழியா வந்த பிரெஞ்சு சரக்கும்மா. மை ஊத்தவே வாணாம். உள்ள சின்னதா கண்ணாடிக் குப்பி, அதுக்குள்ள மை. தீர்ந்துபோச்சா, குப்பியத் தூக்கிப் போட்டுட்டு வேற சொருகிக்கோ. கையில கறையே படாது. ராணி மாதிரி எழுதலாம்."

"குப்பியெல்லாம் தீர்ந்துட்டா?"

"பாண்டிச்சேரில கெடைக்கும்."

"பாண்டிச்சேரில தீர்ந்துட்டா?"

பாய் அந்தப் பேனாவை மெதுவாகத் துணியின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

இரண்டாவதன் வயிற்றில் ஒரு சின்னக் கம்பி இருந்தது. அதைத் தூக்கி அமுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை சுருங்கும், விட்டால் மையை உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் காலத்தில் கௌரவமானவர்கள் சட்டைப் பையில் அதுதான் இருக்கும்.

"கெட்டா எப்படிக் கெடும், பாய்?"

"ரப்பரு இல்ல? நம்ப ஊரு வெயில்ல வெந்துபூடும். பை ஓட்ட வுழும்."

"ஓட்டை விழப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா?"

"அதெப்படித் தெரியும்? சட்ட நீலமானா தெரியும்."

"சொல்லாமக் கெடும்" என்றாள். அதுவும் ஓரத்துக்குப் போனது.

மூன்றாவது வெறும் கறுப்பு. பார்க்க ஒரு சோபையும் இல்லை. வாலைத் திருகினால் உள்ளே ஒரு கார்க் மேலே ஏறும், அதோடு மையும் ஏறும். நிப்புக்குக் கொஞ்சம் மேலே கண்ணாடிபோல் ஒரு சின்ன ஜன்னல். பாய் அதில் மை நிரப்பி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஜன்னலில் மை தளும்பியது.

"எவ்ளோ மை கீதுன்னு தானே சொல்லும்" என்றார்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. "இது எப்படிக் கெடும்?"

பாய் நேர்மையான மனிதர். பெருமூச்சு விட்டார். "கார்க்கு காஞ்சிபூடும். காஞ்சிபூட்டா மை ஏறாது. மாத்தலாம்னா ஸ்பேர் கெடையாது. ஜெர்மன் சரக்கு. அவங்களோடதான் சண்ட நடந்துக்கினு கீது. கப்பல்ல கார்க்கு அனுப்புன்னு இட்லருக்கா கடுதாசி போடச் சொல்ற?"

"அந்தக் கார்க்கைக் காட்டுங்க."

"புதுப் பேனாவப் பிரிக்கறதா! அம்மாடி, பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்மாங் கேள்வி கேக்க மாட்டான்."

கடைசியில் அலமாரிக்கு அடியிலிருந்து அதே மாதிரிச் செத்துப்போன பேனா ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். காய்ந்து சுருங்கிய கார்க், சுண்டைக்காய் வற்றல் மாதிரி. அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அடுத்த வாரம் போனபோது, மருந்து பாட்டில் கார்க்கை அதே அளவுக்குச் சீவி, மெழுகில் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். பாய் அதைச் செத்த பேனாவில் மாட்டி வாலைத் திருகினார். மை ஏறியது. அவர் பேனாவையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"எடுத்துக்கினு போம்மா அந்த மூணாவத" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் நீ இங்க நின்னா, நானே கடைய மூடிட்டு உங்கிட்ட பாடம் படிக்க வந்துடுவேன்."

புதுப் பேனா வாங்கியவர்கள் பிள்ளையார் சுழி போடுவார்கள், சிலுவை போடுவார்கள். அவள் செய்தது என்ன தெரியுமா? மையைக் கொட்டிவிட்டு, பேனாவைத் திறந்து மொட்டைமாடியில் நாள் முழுக்க வெயிலில் வைத்தாள். அதைப் பார்த்ததும் நான் கத்தினேன்.

"அண்ணன் வாங்கிக் குடுத்த பேனாடீ! வேணும்னே கெடுக்கறியே!"

"என் கண்ணு முன்னாடி ஒரு தடவை கெடட்டும். அப்பதான் அதும் மேல எனக்கு நம்பிக்கை வரும்."

கெட்டது. வாலைத் திருகினால் குமிழிதான் வந்தது. அவள் சந்தோஷமாக அதைப் பிரித்தாள், சேர்த்தாள், என்னென்னவோ செய்து பார்த்தாள். நிப் பகுதியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயால் உள்ளே மையை ஊற்றினால், காய்ந்த கார்க்கோடுகூட அது எழுதுகிறது என்று கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரத்தில் வால் வழியாகக் கசிந்து உள்ளங்கை நீலமாகும். ஆனால் எழுதும். பிறகுதான் புதுக் கார்க்கை மாட்டினாள். சொட்டுக்குழாய் அன்றிலிருந்து அவள் கைப்பையில் குடியேறியது.

இதற்கிடையில் அவளைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். புரசைவாக்கத்தில் நல்ல குடும்பம். அவள் காபி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள்: "உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க?"

"எனக்குக் கோபமே வராதுங்க" என்றார் அவர்.

அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அவள் அம்மா அழுதாள். "தங்கமான பையன்டீ, கோபமே வராதாம்!"

"கெடவே கெடாதுன்னு ஒருத்தர் சொன்னா, ஒண்ணு அவருக்குத் தெரியலை, இல்ல நமக்குச் சொல்லலை."

பல வருடம் கழித்து வந்த இன்னொருவர் அதே கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து, "தட்டைத் தூக்கி எறிவேன். அப்புறம் நானே பொறுக்கிக் கழுவி வெச்சிடுவேன்" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள். எறிந்தது இரண்டே தடவை, இரண்டு தடவையும் அவரே பொறுக்கினார் என்று பிற்பாடு பெருமையாகச் சொல்வாள்.

பேனா வாங்கிய அந்தக் கோடையில்தான் தியாகராய நகரில் இருந்த ஒரு வாரப் பத்திரிகைக்குச் சுருக்கெழுத்து நிருபர் தேவை என்று தெரிய வந்தது. பெரிய மனிதர்களின் சொற்பொழிவுகளை வார்த்தை பிசகாமல் வெளியிடுவதில்தான் அந்தப் பத்திரிகைக்குப் பெயர். மனு போட்டவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். ஆசிரியர் ஒரே ஒரு பரீட்சை வைத்தார். பனகல் பார்க்குக்கு அருகில் ஒரு கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் பிரபல வக்கீல் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். அதை எழுதிக்கொண்டு போய், முழுசாக டைப் அடித்துத் திங்கட்கிழமை காலை கொண்டுவர வேண்டும். யாருடையது முழுமையோ, அவருக்கு வேலை.

அந்த வக்கீல் பேச்சு மெயில் வண்டி. நடுவில் ஸ்டேஷனே கிடையாது.

"நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டாள். "எனக்குப் பின்னாடி மை பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டு உக்காரு. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

கத்திரி வெயில். கொட்டகைக்குள் மின்விசிறிகள் அனலை அள்ளி வீசின. முன்வரிசையில் மூன்று நாற்காலி. ஓரத்தில் ஜிப்பா போட்ட ஓர் இளைஞர், சட்டைப்பையில் கம்பி வைத்த பேனா, தங்க மூடி. நடுவில் ஒரு பெரியவர். பல பத்திரிகைகளில் வேலை பார்த்துப் பேர் எடுத்தவர். வரிசையாகச் சீவிய பென்சில்களை எடுத்து மடியில் அடுக்கினார். அவளைப் பார்த்து, "பேனாவா? பாவம்" என்றார். அவள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நான் மை பாட்டிலும் படபடப்புமாக உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு ஆரம்பித்தது. ரயில், ஆலை, மின்சாரம், சண்டை முடிந்தபின் நாடு எப்படி எழப் போகிறது என்று அவர் கொட்டிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஓரத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். ஜிப்பாக்காரரின் பேனா கர்ப்பம் கலைந்ததுபோல் மொத்த மையையும் நோட்டின்மேல் கொட்டிவிட்டது. அவர் உதறினார், துடைத்தார், நீலக் கையைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார்.

அவள் நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கையைப் பின்னால் நீட்டி விரலை ஆட்டினாள். ஜன்னலில் மை அடிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நான் பாட்டிலைத் திறந்து முன்னால் நீட்டினேன். ஒரு கைதட்டல் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது. நிப்பை மையில் முக்கி வாலைத் திருகினாள்.

குமிழி.

மறுபடி திருகினாள். மறுபடி குமிழி. கோடைக்காற்றில் கார்க் காய்ந்துவிட்டிருந்தது. நான் பாட்டிலை இன்னும் சாய்த்துப் பிடித்தேன். பெரியவர் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுப் புதுப் பென்சில் எடுத்தார். அவள் முகத்தில் மட்டும் ஒரு பதற்றமும் இல்லை. வெகுநாளாக எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டதுபோல் இருந்தாள். நிப் பகுதியைத் திருகிக் கழற்றினாள். "குழாய்" என்றாள். அவள் பையிலிருந்து சொட்டுக்குழாயை எடுத்து நான் மையை உறிஞ்சினேன், அவள் பேனாவின் வயிற்றை நீட்டினாள். அவசரத்தில் சிதறியது. என் தாவணியில் ஒரு சொட்டு, அவள் மணிக்கட்டில் ஒரு சொட்டு, மிச்சம் உள்ளே. அதற்குள் கைதட்டல் அடங்கி அவர் பேசத் தொடங்கிவிட்டார். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எழுதாமல் விட்ட வாக்கியத்தை முணுமுணுத்து வாயிலேயே பிடித்து வைத்திருந்தாள். நிப்பை மாட்டிய மறுகணம் அது காகிதத்தில் இறங்கியது. அதன் பின்னாலேயே அடுத்த வாக்கியம், அதற்கடுத்தது. ஓடுகிற பஸ்ஸைப் பிடிப்பதுபோல் அவரைத் துரத்திப் பிடித்துவிட்டாள்.

இன்னும் அரை மணி நேரம் பேசினார். முடிந்தபோது பெரியவரின் பென்சில்களில் ஒன்றுகூடக் கூராக இல்லை. அவளுடைய உள்ளங்கை முழுக்க நீலம். தெருவில் இறங்கியதும் அந்தக் கையால் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து அப்படிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் பெரியவரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். துணைக்கு வந்த நான் கதவோரம். ஆசிரியர் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசிப் பக்கம் வரை இரண்டும் ஒன்றாகவே வந்தன. கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இங்கே ஒரு வார்த்தை இடிக்கிறது. 'இன்று இந்த நாட்டுக்கு இல்லாதது நிலக்கரி' என்று இவர் எழுதியிருக்கிறார். நீ 'குறிக்கோள்' என்று எழுதியிருக்கிறாய்."

விஷயம் இதுதான். நிலக்கரிக்கும் சரி, குறிக்கோளுக்கும் சரி, ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் ஒரே 'கோல்'. சுருக்கெழுத்திலும் ஒரே கோடுதான். மெல்லியதாகப் போட்டால் நிலக்கரி, அழுத்திப் போட்டால் குறிக்கோள்.

பெரியவர் புன்னகைத்தார். "ரயிலைப் பத்திப் பேசிண்டிருந்தார். இன்ஜினுக்குக் கரி இல்லாமப் பாதி வண்டி நிக்கறது. நிலக்கரிதான் பொருந்தும். குழந்தை அனுபவம் போதாம எழுதிடுத்து."

ஆசிரியர் தலையை ஆட்டினார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

அவள் நோட்டை விரித்து மேஜைமேல் வைத்தாள். "சார், இந்தக் கோட்டைப் பாருங்க. பட்டையா இருக்கு. முன்னாடி பின்னாடி எல்லாக் கோடும் மயிரிழை. எம் பேனா தானா தடிக்காது, நான் அழுத்தினாத்தான் தடிக்கும். நான் அழுத்தினேன். ஏன்னா அப்படித்தான் என் காதுல விழுந்தது. அவரோட நோட்டையும் பாருங்க."

பெரியவர் நோட்டில் அந்தப் பக்கம் முழுவதும் எல்லாக் கோடுகளும் ஒரே தடிமனாக இருந்தன. எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

"நீ சொல்றது தப்பா இருந்தா?" என்றார் ஆசிரியர்.

"எழுந்து போயிடறேன். வேலையும் வேணாம்."

ஆசிரியர் டெலிபோனை எடுத்தார். வக்கீல் வீட்டில் யாரோ எடுத்து, அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஆசிரியர் வாக்கியத்தைப் படித்துக் காட்டிக் கேட்டார். மறுமுனையிலிருந்து, கதவோரம் நின்ற எனக்கே கேட்கும்படி ஒரு குரல் வெடித்தது.

"குறிக்கோள்! குறிக்கோள் ஐயா! போன ஊர்லயெல்லாம் அதைத்தான் தொண்டை கிழியக் கத்திண்டிருக்கேன். எல்லாப் பத்திரிகைக்காரனும் நிலக்கரின்னு போட்டுட்டு, எனக்குக் கரி வியாபாரிகள்கிட்டேர்ந்து கடிதாசா வர்றது! யாரையா அது, காது இருக்கிற பிள்ளை?"

"பிள்ளை இல்லை சார். ஒரு பெண்."

"பெண்ணா? விட்டுடாதேயும்!"

பெரியவர் எழுந்தார். போகும்போது அவள் எதிரில் நின்று, "பேனாவைக் கொஞ்சம் காட்டும்மா" என்றார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஜன்னலைப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் முதல்முறையாக அவள் அழுவதைப் பார்த்தேன். அண்ணனுக்கு எழுத வேண்டும் என்றாள். எழுதினாள். சண்டை முடிந்தபின் அவன் இளைத்துக் கறுத்து, ஆனால் முழுசாகத் திரும்பி வந்தான். கடிதம் அவன் பெட்டியில் இருந்தது.

அதற்கப்புறம் அந்த வக்கீல் பேசுகிற இடமெல்லாம் அவள் போனாள். மூன்று வருடமோ நான்கோ கழித்து, மழைக்காலத்தில், அடையாற்றில் ஒரு மண்டபத்தில் அவர் பேச்சு. நானும் என் கணவரும் போயிருந்தோம். உட்கார இடமில்லை. சுவரோரமெல்லாம் ஆட்கள். மேடையில் நாடறிந்தவர்கள் வரிசையாக. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. தலைவர் வரவேற்று முடித்தார், வக்கீல் எழுந்து ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். பேசவில்லை. முன்வரிசையில் நிருபர்கள் பக்கம் ஒரு காலி நாற்காலியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜனங்கள் நெளிந்தார்கள். தலைவர் எழுந்து வந்து, "ஆரம்பிக்கலாமே" என்று மெல்லச் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"இருங்கள்" என்றார் அவர். "இன்னும் எழுதுகிறவர் வரவில்லை."

பின்கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு அவள் உள்ளே வந்தாள். பாலத்தில் பஸ் நின்றுவிட்டதாம், நடந்தே வந்திருக்கிறாள். மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாருக்காகவும் அவசரப்படாமல் நடுவழியே நடந்து போனாள். ஈரப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள், நோட்டைப் பிரித்தாள், பேனாவின் மூடியைக் கழற்றினாள். மேடையைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

அவர் பேச ஆரம்பித்தார்.